எண்பத்தைந்து டிகிரி

முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் சுகமாக இருக்கும், வலி சட்டென்று அடங்கும். அதனால்தான் கூடாது என்கிறோம். இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடந்தால் முட்டி அரைகுறையாக மடங்கிய வாக்கில் இறுகிவிடும், பிறகு கால் நேராக நீளாது. இருபத்தாறு வருடமாக என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலையணை வைத்துக்கொள்வார்கள். மறுவாரம் வந்து ஒன்றும் தெரியாதவர்கள் போல முழிப்பார்கள். முட்டியில் கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள், மேடம். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ முன்கோபக்காரன் என்று எழுதிக்கொள்வீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், நான் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. குரலை உயர்த்துவதெல்லாம் என்னிடம் வருகிறவர்கள்தான்.

எங்கள் பிசியோதெரபி பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூடத்தில் திரை போட்ட நான்கு கட்டில்கள், சுவரோடு பதித்த மரக்கம்பிகள், ஓட்டினாலும் நகராத சைக்கிள், நடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள ஆளுயரக் கண்ணாடி. ஒரு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை மணல் பைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். கடைசியில் கதவு போட்ட ஒரு தனி அறை, அதன் சுவரிலும் மணல் பைகள். இறுகிப்போன முட்டிகளை மடக்குவது அங்கேதான். சர்ஜன் வெட்டித் தைக்கும்போது நோயாளி நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார். என் வேலையை அவர் முழித்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். அதனால் சர்ஜனுக்குப் பூங்கொத்து கொடுப்பார்கள், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொண்டதில்லை.

அந்த அறையிலிருந்து அலறல் கேட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். சத்தம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சத்தமே வராவிட்டால்தான் நர்ஸ் வந்து கதவைத் தட்டுவாள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முட்டியை முதலில் அளந்தவர் யாரோ, கடைசிவரை அவர்தான் அளக்க வேண்டும். நீளக் கை வைத்த பாகைமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்போம். ஆளுக்கு ஆள் கை மாறும், ஐந்து பத்து டிகிரி கூடும், குறையும். அதனால் அடுத்தவர் அளந்துவரும் முட்டியில் நாங்கள் பாகைமானி வைப்பதில்லை. எங்கும் எழுதி வைத்த சட்டம் கிடையாது, ஒரு மரியாதை. நான் என்ன எண் எழுதுகிறேனோ அதைப் பார்த்துத்தான் சர்ஜன் மேற்கொண்டு முடிவு செய்வார்.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. பெயர் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் வாத்து என்றுதான் கூப்பிடுவோம். நடை பழகும்போது இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து ஆடி ஆடி நடப்பாள். அந்தக் காலோடு கால்பந்து ஆடப்போய், பன்னிரண்டாவது வயதில் விளையாட்டு விடுதியில் சேர்ந்துவிட்டாள். பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் அவள் என்னோடு பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது. வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். அவள் அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசுவாள், சிரிப்பாள், அழுவாள். கடைசியில் "அப்பா பக்கத்துல இருக்காரா, குடு" என்பாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. வெச்சிடட்டுமா?"

ஒரு மேட்ச்சில் எதிரணிப் பெண் ஒருத்தி வழுக்கி வந்து இவள் காலில் மோதினாள். பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்கு நடுவே குறுக்காக ஓடும் லிகமென்ட் அறுந்தது. என் மனைவி அந்தப் பெண்ணை ஒரு வாரம் வாய் ஓயாமல் சபித்தாள். நான் சபிக்கவில்லை. மனதுக்குள் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் என் மகள் வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, அறுந்த லிகமென்ட் இருந்த இடத்தில் எலும்பில் துளையிட்டு மாட்டுவார்கள். சுத்தமாகச் செய்திருந்தார் சர்ஜன், குறை சொல்ல முடியாது. என் மனைவி பள்ளிக்கூட டீச்சர், காலை ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள். நான் மதிய டியூட்டிக்கு மாற்றிக்கொண்டேன். காலை முழுவதும் நானும் என் மகளும்தான். குளியலறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். விடுதியில் கூடப் படுத்திருந்தவள் தூக்கத்தில் கோல் கோல் என்று கத்துவாள் என்று நடித்துக் காட்டினாள். ஒரு மேட்ச்சில் தப்பவிட்ட பெனால்டியை இன்னும் மனதுக்குள் திரும்பத் திரும்ப உதைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். இதை அம்மாவிடமும் சொன்னதில்லை என்றாள். நான் சொன்ன ஒரு மொக்கை ஜோக்குக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். அதற்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

ஐந்தாவது வாரம் அவளுடைய கோச் போன் செய்தார். கால் இவ்வளவு வேகமாகத் தேறுகிறதே, மிச்சப் பயிற்சியை விடுதியிலேயே கொடுத்துக்கொள்ளலாம், அங்கேயும் பிசியோ இருக்கிறார் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் அவள் கேட்டாள்.

"அப்பா, ரொம்ப வலிக்குது. ஒரே ஒரு நாள் தலையணை வெச்சுக்கட்டுமா?"

வைத்தேன். அவள் முகம் அப்படியே இளகியது. "நீ தெய்வம்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாள் அவள் கேட்கவில்லை, நானாகவே வைத்தேன். பதினைந்து நாள் வைத்தேன். கால் நேராக நீள்வதில் பன்னிரண்டு டிகிரி குறைந்தது. சர்ஜன் பார்த்துவிட்டு "உங்க பொண்ணுக்கா இப்படி?" என்று ஆச்சரியப்பட்டார். சிலருக்குத் தழும்பு உள்ளே அதிகமாக வளரும், அந்த வகை என்றேன். அவரும் அப்படித்தான் என்றார்.

ஆனால் கோச் விடுகிற ஆள் இல்லை. ஒன்பதாவது வாரக் கடைசியில் மறுபடி பேசினார். வரும் சனிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொன்னார். என் மகள் என்னைக் கேட்காமலேயே சரி என்றுவிட்டாள். பையில் துணி அடுக்கும்போது விசிலடித்தாள். அவள் விசிலடிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் போனபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, குழந்தை படிக்கப் போகிறது என்று இருந்துவிட்டேன். இந்தமுறை அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டி வைத்த தசைநார் முதலில் உறுதியாகத்தான் இருக்கும். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, புதிதாக ரத்த ஓட்டம் பிடித்து, மறுபடி உயிர் பெற வேண்டும். ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம்வரை அது தண்ணீரில் ஊறிய நூல்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில்தான் நோயாளிக்கு வலி போய், தெம்பு வந்து, எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும்.

புதன்கிழமை அவளை அந்தத் தனி அறைக்குக் கூட்டிப்போனேன். போவதற்குள் கால் நன்றாக மடங்க வேண்டும் என்றேன். குப்புறப் படுக்க வைத்து, முட்டிக்குப் பின்னால் என் முழங்கையை முட்டுக்கொடுத்து, குதிகாலைப் பிடித்து மடக்கினேன்.

"அப்பா, போதும்."

"அஞ்சு எண்ணு. அஞ்சோட விட்டுடுறேன்."

எண்ணினாள். என் பேச்சை நம்பிச் சத்தமாக எண்ணினாள். மூன்று என்றபோது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி என் முழு எடையையும் போட்டேன். எலும்பு முறிகிற மாதிரி சத்தம் வராது. ஈரத்துணியைக் கிழிப்பது போல அமுங்கின சத்தம், என் முழங்கைக்குத்தான் அது தெரிந்தது. அவள் கட்டிலின் ரெக்சினைக் கடித்துக்கொண்டு அலறினாள். வெளியே யாரோ சிரித்தார்கள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அழுது ஓய்ந்ததும் அவளே சொன்னாள்: "காலைல மாடிப்படியில குதிச்சு இறங்கினேன்ப்பா. அப்பவே என்னவோ ஆயிருக்கு. திட்டாதே."

திட்டவில்லை. அவள் அம்மாவிடமும் திட்டக் கூடாது என்று சொல்லிவைத்தேன். கோச் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். என் மனைவி மட்டும் ஒருநாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஊர்ல இருக்கிற முட்டியெல்லாம் உங்க கைராசியில சரியாயிடுது. பெத்த பொண்ணுக்கு மட்டும் அந்த ராசி வேலை செய்யலையே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்கு நல்ல காலிலிருந்து தசைநார் எடுத்தார்கள். மூன்றாவது வாரம் முட்டி சிவந்து, சூடாகி, சீழ் வைத்தது. மறுபடி திறந்து கழுவினார்கள். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை, மேடம். ஆஸ்பத்திரியில் நூற்றில் ஒருவருக்கு வரும். நான் செய்ததைத்தான் என் கணக்கில் எழுத வேண்டும், செய்யாததை எழுதக் கூடாது. பதினெட்டு நாள் அவள் கையில் டிரிப்ஸ் ஏறியது. காய்ச்சலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலை விட்டு நகரவில்லை. இவரை மாதிரி அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் அவளை வலிக்கச் செய்யவே இல்லை. இரும்புக் கீல் வைத்த பிரேஸ் ஒன்றை மாட்டிவிட்டேன். தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை வரும். கீலில் ஒரு திருகு உண்டு, அதை எத்தனை டிகிரியில் வைக்கிறோமோ அதற்கு மேல் கால் மடங்காது. எண்பத்தைந்தில் வைத்தேன். வாராவாரம் பத்து டிகிரி கூட்டுவதுதான் முறை. நாலு மாதமும் நான் எண்பத்தைந்திலேயே வைத்திருந்தேன். பயிற்சிக்காகக் கழற்றும்போதும் அதே இடத்தில் என் கையால் தடுத்துக்கொள்வேன். இதற்கு மேல் போனால் அறுந்துவிடும் என்பேன். இரண்டுமுறை பட்டவள் அல்லவா, சரிப்பா என்பாள். சார்ட்டிலும் எண்பத்தைந்து என்றே எழுதினேன்.

எண்பத்தைந்து டிகிரி போதாது. நாற்காலியில் உட்காரலாம், ஓட முடியாது. சர்ஜன் சார்ட்டைப் பார்த்துவிட்டு நாள் குறித்தார், அடுத்து வரும் திங்கட்கிழமை. மயக்கம் கொடுத்து, உள்ளே வளர்ந்திருக்கும் தழும்பை வெட்டி, காலைப் பலமாக மடக்கிவிடுவது. அப்படி மடக்கும்போது சில பேருக்கு முட்டிச் சில்லு பிளந்துவிடும் என்று எச்சரித்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? பிளந்தால் இன்னொரு ஆறு மாதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன்.

இப்போது ஜூனியரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆகியிருந்தது. நின்றுகொண்டே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிடுவாள், நோயாளி காத்திருக்கக் கூடாதாம். வலிக்கிறது என்று சொன்னால் அவளுக்கும் கண் கலங்கும். இந்தத் தொழிலுக்கு இது ஆகாது என்று நான் கேலி செய்வேன். என் மகளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இவளும் அவளை வாத்து என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

இந்த வாரத் தொடக்கத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். திங்கள் முதல் புதன்வரை நான் ஊரில் இல்லை. பிரேஸைக் கழற்ற வேண்டாம், நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று ஜூனியரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் என் பேச்சை மீறுகிறவள் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பட்டை அழுத்தித் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருக்கிறது. மருந்து போடக் கழற்றியிருக்கிறாள். காலைத் தூக்கிப் பிடித்தபோது அது தன்பாட்டுக்கு மடங்கிக்கொண்டே போயிருக்கிறது. பயந்துபோய்ப் பாகைமானியை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

என் மகள் கேட்டாளாம், "இவ்ளோ மடங்குதா?"

"சார் வரட்டும், கேட்டுக்கலாம்" என்றாளாம் ஜூனியர்.

இரண்டு பேரும் என் மேல் வைத்திருந்த மரியாதை அப்படி. அன்றைக்கே சர்ஜனிடம் ஓடியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. எனக்காகக் காத்திருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் நான் கல்யாணத்திலிருந்து வீடு திரும்பியதும் என் மகள் கேட்டாள்.

"அப்பா, இந்தத் திருகை ஒரு தடவை எடுத்துட்டுப் பாக்கலாமா?"

"திங்கக்கிழமைக்கு அப்புறம் பாக்கலாம்."

"சரிப்பா" என்றாள். வழக்கமாக என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். அன்று திருகின் மேலிருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வியாழக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. ஒன்பது மணிக்கு நான் இருந்த தனி அறைக்கு ஜூனியர் வந்து, கதவை அவளே சாத்தினாள். பெரியவர் ஒருவரின் தப்பைச் சொல்லும்போது மற்றவர்கள் காதில் விழக் கூடாது என்று சாத்தினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வாத்துவோட முட்டிய நான் அளந்துட்டேன். நூத்திப் பதினெட்டு வருது. மூணு தடவ பாத்தேன்."

"எண்பத்தஞ்சுதானே."

"சார்ட்டுல எல்லா வாரமும் எண்பத்தஞ்சுதான் சார். ஒண்ணு ஏறல, ஒண்ணு எறங்கல. அதான் எனக்கே குழப்பமாயிடுச்சு."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல சார். வாத்துவ ஒம்பதரைக்கு வரச் சொல்லிருக்கேன். உங்க முன்னாடி அளந்துட்டு, ரெண்டு பேருமா போய் சர்ஜன்கிட்ட சொல்லிடலாம். திங்கக்கிழமை ஆபரேஷனே வேண்டாமே சார்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு அப்பாவுக்கு நல்ல சேதி சொல்கிற சந்தோஷம். அந்த முகத்தில் சந்தேகம் என்று ஒரு சொட்டும் இல்லை. 

அவளை என்ன செய்வது என்று நான் யோசித்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எனக்கு வேண்டியது திங்கட்கிழமைவரை நான்கு நாள். முட்டி அறுந்த பிசியோ ஒன்பது மாதம் வேலைக்கு வர முடியாது. வலியிலும் மருந்து மயக்கத்திலும் கிடப்பவள் எண்ணைப் பற்றிப் பேசப்போவதில்லை. கொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பாகைமானிய சரிபாத்தியா?" என்று கேட்டேன்.

எண்ணில் சண்டை வந்தால் முதலில் கருவியைப் பார்க்க வேண்டும், அதுவும் எங்கள் முறைதான். அடிபடாத ஒரு முட்டியில் வைத்துப் பார்ப்போம். என் முட்டி ஐம்பத்துமூன்று வருடம் தேய்ந்தது.

"என்னோடது நல்ல முட்டி சார்" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தாள். தொடை அசையாமல் இருக்கக் கட்டிலோடு சேர்த்து பெல்ட் போடுவோம். இடது பக்க பெல்ட்டை நான் எடுத்துக் கொடுத்தேன், கையைப் பின்னால் நீட்டி அவளே கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

நல்ல முட்டி சுலபத்தில் விடாது. என் மகளுக்குச் செய்தது போல அரை நிமிடத்தில் முடியவில்லை. கட்டிலின் மேல் ஏறி, என் முட்டியை அவளுடைய முட்டிக்குப் பின்னால் வைத்து, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பி இழுத்தேன். முதலில் லிகமென்ட் போனது. நான் நிறுத்தவில்லை. அடுத்ததாகப் போனது எலும்பு. தோலுக்கு அடியில் அது இடம் மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. கால் ஒருநாளும் திரும்பாத பக்கம் திரும்பி நின்றது. அவள் அலறியதில் ஆணியில் தொங்கிய பைகள்கூட ஆடின என்று சொன்னால் மிகை, ஆனால் அப்படித்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் ஒருவர் "அடுத்தது நீங்கதான் போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்துகொண்டதாக என் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். படித்துக் காட்டினீர்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் இருந்தேன். பெல்ட் நழுவிவிட்டது, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிவிட்டேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நெற்றி வேர்த்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வலியில் இருப்பவர்கள் அம்மா என்பார்கள், ஐயோ என்பார்கள். இவள் "வாத்து" என்றாள். பாதியை வலி விழுங்கிவிட்டது, அதனால் வெளியே கேட்கவில்லை. இரண்டாவது முறை மூச்சை இழுத்துக்கொண்டு கூப்பிடப் போனாள்.

அம்மா என்ற சத்தத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள், பெயரைக் கேட்டால் வந்துவிடுவார்கள். ஐந்து கிலோ மணல் பையை எடுத்துத் திரும்பியிருந்த முகத்தில் வைத்து, அதன் மேல் என் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எதையும் எண்ணித்தான் செய்வோம். முப்பது எண்ணிக்கை, எட்டு முறை. மூன்றாவது முறையின்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நக அடையாளம் இதோ இருக்கிறது, நல்ல பிடி. ஆறாவது முறையில் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகும் எட்டுவரை எண்ணினேன், அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு வேறு பெயர் இல்லை.

சரியாக ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. என் மகள் பிரேஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளே கழற்றியிருக்கிறாள். கட்டிலைப் பார்த்தாள். 

"என்னப்பா பண்ணின?"

"ஒண்ணுமில்ல. முதல்ல அந்த பிரேஸ மாட்டு. கால் போயிடும்."

அதை என் முகத்தில் வீசினாள். இந்தப் புருவத் தையல் அதனால் வந்தது. ஓடிவந்து மணல் பையைத் தள்ளிவிட்டு, ஜூனியரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், கன்னத்தில் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் அந்தக் காலைப் பார்த்தாள். அவளுக்கு முட்டிகளைப் பற்றி இப்போது நிறையத் தெரியும்.

"எனக்கும் நீதானா?"

"முதல் தடவ அந்தப் பொண்ணு. ரெண்டாவது நான்."

என் மகளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, மேடம். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

"ஏன்ப்பா?" என்றாள். குரல் சின்னக் குழந்தையின் குரலாக இருந்தது. நீ போயிடுவே என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு வரவில்லை. நான் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவளை அப்படியே அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. இனி எப்போதும் போக முடியாதபடி, இரண்டு காலையும் ஒரேயடியாகச் செய்துவிட வேண்டியது என்று முடிவெடுத்தேன். கட்டிலில் ஏறிப் படு, சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். ஒரு காலை மடித்து என் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டேன். இன்னொரு காலை, அந்த ஆபரேஷன் செய்த காலை, அவள் நெஞ்சுவரை மடக்கி என் விலாவில் உதைத்தாள். மூன்று எலும்பு உடைந்திருப்பதாக உங்கள் டாக்டர் சொன்னார். நான் விழுந்தேன். அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, உயிருக்குப் பயந்து தப்பி ஓடினாள் என்று ஒரு வரி வந்தது. என்னைக் கண்டு அவள் எதற்குப் பயப்பட வேண்டும்? நான் தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், மேடம். மூன்று மாடி. ஒரு இடத்திலும் கால் இடறவில்லை, கம்பியைப் பிடிக்கவில்லை, கடைசிப் படிகளைத் தாண்டியே குதித்தாள். சீழ் பிடித்து, மூன்று முறை வெட்டித் தைத்த கால் அது. வேறு யார் கையிலாவது விட்டிருந்தால் அப்படி ஓடியிருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.